மேய்ச்சல் ஆடுகளில் எத்தனைக்குக் குடற்புழு இருக்கும்? எல்லாவற்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா?

நாற்பது வெள்ளாடுகளை மேய்ச்சலில் வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்து ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தோம். நான்கில் புழு முட்டை இருக்கிறது என்றார்கள். இது எல்லா இடத்திலும் இருப்பதுதானா, எங்கள் பட்டியில்தான் ஏதாவது கோளாறா? மாடு, கோழிக்கும் இப்படித்தான் இருக்குமா? மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் ஒழிந்துவிடுமா?"

உங்கள் பட்டியில் தனியாகக் கோளாறு எதுவும் இல்லை. மழை பெய்து முடிந்த காலம், தரையில் மேயும் ஆடு என்றால் ஐந்தில் நான்கு என்பது எதிர்பார்க்கக்கூடிய கணக்குதான். ஐந்திலுமே முட்டை தெரிந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டின் வயிற்றில் ஒரு புழுகூட இல்லாமல் இருப்பதுதான் அரிது. மாதாமாதம் மருந்து ஊற்றுவது மட்டும் கண்டிப்பாக வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 14.9 கோடி வெள்ளாடுகளும் 7.4 கோடி செம்மறிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 99 லட்சம் வெள்ளாடு, 45 லட்சம் செம்மறி. இவற்றில் பெரும்பாலானவை தரிசிலும் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்கிறவை. நேற்று ஒருவருடைய மந்தை மேய்ந்த இடத்தில் இன்று இன்னொருவருடைய மந்தை மேய்கிறது. புழு பரவ இதைவிட வசதி வேண்டியதில்லை.

அதனால் "இத்தனை சதவீத ஆடுகளுக்குக் குடற்புழு" என்று எங்காவது படித்தால், அந்த எண் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். எந்த மாதத்தில் எடுத்தார்கள்? குட்டிகளா, வளர்ந்த ஆடுகளா? சாணத்தில் முட்டையைத் தேடினார்களா, அறுப்புக்கூடத்தில் குடலைத் திறந்து பார்த்தார்களா? ஒரே மந்தையை சித்திரையில் சோதித்தால் ஒரு எண் வரும், கார்த்திகையில் சோதித்தால் வேறு எண் வரும். குடலைத் திறந்து பார்க்கும் ஆய்வில் எண் எப்போதும் கூடத்தான் இருக்கும். ஏனென்றால் இளம் புழுக்கள் முட்டை போடாது, சாணத்தில் அகப்படாது, வயிற்றில் மட்டும் இருக்கும்.

இதையெல்லாம் தாண்டி, "இருக்கிறதா இல்லையா" என்ற சோதனையில் பெரிய குறை ஒன்று உண்டு. ஐம்பது புழு உள்ள ஆடும் ஐயாயிரம் புழு உள்ள ஆடும் அதில் ஒரே மாதிரி "உண்டு" என்றுதான் பதிவாகும். முதல் ஆடு தின்று கொழுத்து குட்டி போட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது ஆடு இன்னும் சில நாளில் செத்துப்போகும். உங்கள் கையில் இருக்கும் சீட்டு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. எத்தனை ஆட்டுக்குப் புழு இருக்கிறது என்பதைவிட எந்த ஆட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கு வரும் புழுக்களை உருண்டைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நம் ஊர் மாதிரி வெப்பமும் மழையும் உள்ள இடங்களில் அதிக ஆடுகளைக் கொல்வது உருண்டைப்புழுவில் ஒரு வகை. அதன் பெயர் ஹீமாங்கஸ் கான்டார்ட்டஸ். ஆட்டு இரைப்பையின் நான்காவது அறையில் குடியிருக்கும். செத்த ஆட்டை உடனே அறுத்து அந்த அறையைத் திறந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், நூல் மொத்தம். பெண் புழுவின் உடம்புக்குள் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றை ஒன்று சுற்றி, இரண்டு நிற நூலை முறுக்கி வைத்தது போல இருக்கும். அறையின் உள்சுவர் முழுக்க இவை நெளிந்துகொண்டிருக்கும், கடித்த இடங்களில் சின்னச் சின்ன ரத்தப்புள்ளி தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்குகிறது என்பது கணக்கு. அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆயிரம் புழு என்றால் தினமும் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். இரண்டாயிரம், மூவாயிரம் புழு ஏறிவிட்டால் போகிற வேகத்தில் உடம்பால் ரத்தம் ஊற வைக்க முடியாது. ஆடு வெளுக்கும், மந்தையில் பின்தங்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கும். அப்புறம் ஒருநாள் காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "புழுக்கை நல்லாத்தானே போட்டுது" என்று ஆட்டைப் பறிகொடுத்தவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாடாப்புழுவின் கதை நேர் எதிர். புழுக்கையோடு அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் வருவதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் மருந்துக்கு ஓடி வருவார்கள். அந்தத் துண்டுகள் மொனீசியா என்ற நாடாப்புழுவின் கணுக்கள். குட்டிகளில் இது அதிகமாகவே தென்படும். ஆனால் ரத்தம் குடிக்காது, பெரும்பாலான குட்டிகள் தானாகவே அதிலிருந்து மீண்டுவிடும். கண்ணுக்குத் தெரிகிற புழுவுக்குச் செலவு செய்துவிட்டு, தெரியாத புழுவால் ஆட்டை இழப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, ஹீமாங்கஸ் ஏன் இத்தனை பரவலாக இருக்கிறது? ஒரு பெண் புழு ஒரு நாளில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை போடும். ஐந்நூறு பெண் புழு உள்ள ஓர் ஆடு, குறைந்த கணக்கில் பார்த்தாலும், தினம் 25 லட்சம் முட்டைகளை மேய்ச்சல் நிலத்தில் இறைத்துவிட்டு வருகிறது. ஈரமும் சூடும் இருந்தால் முட்டை பொரிந்து, நான்கிலிருந்து ஏழு நாளில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். மழைத்துளியோ பனியோ படிந்த புல்லில், அந்த நீர்ப்படலத்தில் நீந்தி மேலே ஏறும். அதிக உயரம் ஏறாது. பெரும்பாலானவை தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் உள்ளே போய், மூன்று வாரத்தில் முட்டை போடும் புழுவாக வளர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால், கார்த்திகை, மார்கழியில் ஆடுகள் வெளுக்கத் தொடங்குவதற்கு இந்த நாள்கணக்குதான் காரணம். மழைக்காலம் வேறாக இருக்கும் மலைப்பகுதியிலும் மேற்கு ஓரத்திலும் இந்த மாதங்கள் மாறும். கடும் வெயிலில் தரை காய்ந்து கிடக்கும்போது புல்லில் இருக்கும் இளம்புழுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். அந்த மாதங்களில் புழு உயிரோடு இருப்பது ஆட்டின் வயிற்றில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வெள்ளாட்டுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. இயல்பாக அது செடி, கொடி, மரக்கிளையில் தழை பறித்துத் தின்னும் பிராணி. முழங்கால் உயரத்துக்கு மேலே தின்றவரை அதன் வாய் இளம்புழுக்களைச் சந்திக்கவில்லை. அதனால் செம்மறி அளவுக்கு எதிர்ப்புச் சக்தியை அது வளர்த்துக்கொள்ளவும் இல்லை. புதர்க்காடு போய், தரைப்புல்லைத் தவிர வேறு இல்லாத இடத்தில் வெள்ளாட்டை மேயவிட்டால், செம்மறியைவிட அதுதான் அதிகம் அடிபடும்.

மாடு, கோழி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்: சாணமும் வாயும் எந்த அளவுக்குச் சந்திக்கின்றனவோ அந்த அளவுக்குப் புழு. புறக்கடையில் கிளறித் தின்னும் நாட்டுக்கோழிகளில் அஸ்காரிடியா என்ற உருண்டைப்புழு மிகச் சாதாரணம். அதே கோழியை நாமக்கல் முட்டைப் பண்ணைகளைப் போலக் கூண்டில் ஏற்றி, எச்சம் கீழே விழும்படி வைத்தால் அந்தப் புழு கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் கூண்டிலும் நாடாப்புழு வரும், அதைச் சுமந்து வருவது வீட்டு ஈ. எருமைக் கன்றுகளுக்குப் பெரிய உருண்டைப்புழு தாயின் சீம்பாலோடும் பாலோடும் வந்து சேர்கிறது. அதனால்தான் பிறந்த சில வாரத்திலேயே கன்றுக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். நாய்க்குட்டிகளுக்கு இன்னும் முன்னதாகவே, தாயின் கருவிலேயே புழு வந்துவிடுகிறது. பிறக்கும் நாய்க்குட்டி எல்லாவற்றுக்குமே புழு உண்டு என்று வைத்துக்கொண்டு சிகிச்சை செய்வதுதான் வழக்கம். வளர்ந்த மாடுகளில் உருண்டைப்புழு இருந்தாலும் பெரும்பாலும் உடம்பு சமாளித்துவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் குளம், வாய்க்கால் ஓரத்து நத்தையால் வரும் தட்டைப்புழுதான் கவலை தருவது. உங்கள் ஆடுகள் ஏரிக்குள் இறங்கி மேய்கின்றன என்றால், நாற்றமடிக்கும் தண்ணீர்க் கழிச்சல் வந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தட்டைப்புழுவுக்கு மருந்தே வேறு.

ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் ஆபத்தா என்று பலரும் கேட்பார்கள். ஹீமாங்கஸ் இறைச்சி வழியாக நமக்கு வருவதில்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகத் தெரியும் வேறொரு புழுவிடம். அந்தக் கட்டிகளை நாய்க்குப் போட்டால் நாயின் குடலில் அது நாடாப்புழுவாக வளரும். நாயின் மலத்திலிருந்து முட்டை மனிதர் வாய்க்குப் போனால் நம் ஈரலில் கட்டி வரும். ஆகவே கட்டி உள்ள ஈரலை எரித்துவிடுங்கள், இல்லையென்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

இனி உங்கள் நாற்பது ஆடுகளுக்கு வருவோம். உலகத்தில் எந்த மந்தையை எடுத்தாலும் புழு எல்லா ஆட்டிலும் சமமாகப் பங்கு போட்டு இருப்பதில்லை. ஏறக்குறைய இருபது, முப்பது சதவீத ஆடுகள் மொத்தப் புழுவில் எண்பது சதவீதம் வரை சுமக்கும். உங்கள் கணக்கில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆடு. இவைதாம் வெளுக்கின்றன, இவைதாம் நிலத்தில் முட்டையைக் கொட்டுகின்றன. மற்ற ஆடுகளில் புழு இருக்கும், ஆனால் அவற்றுக்கு அது பெரிய தொந்தரவாக இருக்காது. யார் அந்தப் பத்துப்பேர் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். பால் மறந்து முதல் மழைக்காலத்தைப் பார்க்கும் மூன்று முதல் ஆறு மாதக் குட்டிகள். குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிலிருந்து போட்ட பின் ஆறெட்டு வாரம் வரை உள்ள தாய்கள், அதிலும் இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுப்பவை. அந்தக் காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும், புழு முட்டை கூடும், குட்டி பக்கத்திலேயே மேயும். அப்புறம் நோய்ப்பட்டு எழுந்தவையும் தீவனம் போதாமல் மெலிந்தவையும்.

இவர்களைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கண் இமை போதும். தென்னாப்பிரிக்காவில் ஹீமாங்கஸ் எந்த மருந்துக்கும் மசியாமல் போன நிலையில் அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் 1990-களில் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். அதை வடிவமைத்த ஃபாஃபா மலான் என்பவரின் பெயரிலிருந்தே ஃபமாச்சா அட்டை என்று பெயர் வந்தது. ஐந்து நிறம். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளைத்தாள் மாதிரி வெளுப்பு.

பார்க்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஆட்டை வெயில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், கொட்டகை நிழலில் எல்லா இமையும் வெளுப்பாகத்தான் தெரியும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையைக் கண்ணின் மேல் மூடி, விழியை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இழுங்கள். உள்பக்கச் சவ்வு தானாக வெளியே பிதுங்கும். இமையின் ஓரத்தைப் பார்க்காதீர்கள், பிதுங்கிய சவ்வின் நடுவைப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் அட்டையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அதிக நேரம் பிடித்து வைத்தால் அழுத்தத்தில் நிறம் மாறிவிடும். மற்ற கண்ணையும் பார்த்துவிட்டு, எது வெளுப்போ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்துக்கு இடையே தயக்கம் வந்தால் வெளுப்பான பக்கம் போங்கள்.

ஒன்று, இரண்டு என்றால் மருந்து வேண்டாம். நான்கு, ஐந்து என்றால் அன்றைக்கே மருந்து. மூன்றுதான் குழப்பம். வெள்ளாடு, குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு என்றால் மூன்றிலேயே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நாற்பது ஆட்டைப் பார்க்க ஒரு காலைப்பொழுது ஆகும், பழகிவிட்டால் அதுவும் ஆகாது. கூடவே தாடையைத் தடவுங்கள், முதுகெலும்பை அமுக்கிப் பாருங்கள், வால் பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இமை வெளுப்பு ரத்தம் குடிக்கும் புழுவை மட்டும்தான் காட்டும். கழிச்சல் தரும் மற்ற உருண்டைப்புழுக்களுக்கு இமை சிவப்பாகவே இருக்கலாம். இமை வெளுக்க ஈரல் தட்டைப்புழு, உண்ணி, உண்ணியால் வரும் ரத்த நோய் எனக் காரணம் வேறாகவும் இருக்கலாம். மருந்து கொடுத்தும் பத்து நாளில் சிவப்பு திரும்பத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா ஆட்டுக்கும் கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும், மருந்து விலை குறைவுதானே என்று தோன்றும். இதற்குப் புழு மருந்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். தயாபெண்டசோல் 1961-இல் வந்தது. 1964-க்குள் அதற்கு அசையாத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவாகிவிட்டது. இன்று நாம் கொடுக்கும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் எல்லாம் அதே குடும்பம். ஐவர்மெக்டின் 1981-இல் விற்பனைக்கு வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதையும் தாங்கும் ஹீமாங்கஸ் வந்துவிட்டது. ஐவர்மெக்டினைக் கண்டறிந்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது, அவ்வளவு பெரிய மருந்து அது. மோனெபான்டெல் என்ற முற்றிலும் புதிய மருந்து 2009-இல் நியூசிலாந்தில் வந்தது. நான்கே ஆண்டில் அங்கேயே ஒரு வெள்ளாட்டுப் பண்ணையில் அதற்கு அடங்காத உருண்டைப்புழுக்கள் பதிவாயின. தமிழ்நாட்டுச் செம்மறி, வெள்ளாடுகளிலும் பெண்டசோல் வகை மருந்துக்கு எதிர்ப்பு உள்ள ஹீமாங்கஸ் பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நடப்பது இதுதான். நாற்பது ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால், மருந்துக்குச் சாகும் புழுக்கள் எல்லாம் செத்துவிடும். சாகாத சில புழுக்கள் மட்டும் மிஞ்சும். அடுத்த மூன்று வாரம் நிலத்தில் விழும் முட்டை எல்லாம் அந்தச் சாகாத புழுக்களின் முட்டைதான். மாதாமாதம் இதைச் செய்தால், நம் கையாலேயே பொறுக்கி எடுத்து மருந்துக்கு அடங்காத புழுக்களைப் பயிர் செய்கிறோம். அதற்குப் பதிலாக வெளுத்த பத்து ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால், மற்ற முப்பது ஆடுகளின் வயிற்றிலிருந்து மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களின் முட்டை நிலத்தில் விழுந்துகொண்டே இருக்கும். எதிர்ப்புப் புழுக்கள் அந்தக் கூட்டத்தில் கலந்து நீர்த்துப்போகும், மருந்தும் பல ஆண்டு வேலை செய்யும். நான் மேலே சொன்ன வெயில்காலக் கணக்கும் இங்கேதான் வருகிறது. நிலத்தில் புழு இல்லாத கோடையில் எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்தால், நீர்க்கச் செய்ய வெளியே புழுவே இருக்காது, மிஞ்சுவது முழுக்க எதிர்ப்புப் புழு. மருந்து கொடுத்த கையோடு புது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. இரண்டும் நல்ல பழக்கம் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தவைதான். இப்போது கைவிட வேண்டியவை.

குறைந்த அளவில் கொடுப்பதும் புழுவை வளர்ப்பதே. கண்ணால் பார்த்து "இருபது கிலோ இருக்கும்" என்று சொல்லும் ஆடு தராசில் ஏற்றினால் இருபத்தாறு இருக்கும். எடை போட்டுக் கொடுங்கள், தராசு இல்லையென்றால் அந்த வயதுக் கூட்டத்தில் பெரிய ஆட்டின் எடையை வைத்துக் கொடுங்கள். புட்டியில் செம்மறிக்கு என்று போட்டிருக்கும் அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. வெள்ளாட்டின் உடம்பு பெண்டசோல் வகை மருந்தை வேகமாகக் கழித்துவிடும், அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு அளவு வேண்டும். இதை எல்லா மருந்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லெவமிசோலில் அளவு கூடினால் விஷம், குளோசான்டெலில் அளவு தவறினால் கண் பார்வையே போகும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். ஆகவே உங்கள் மருத்துவரிடம் எந்த மருந்து, வெள்ளாட்டுக்கு எத்தனை மில்லி, பால், கறி எத்தனை நாள் விலக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியில் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. மருந்து கொடுக்கும் நாளில் பத்துப் பன்னிரண்டு ஆட்டின் புழுக்கையை எடுத்து ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணித் தரச் சொல்லுங்கள். பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளுக்கு மறுபடி எண்ணுங்கள். முட்டை 95 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியிருந்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் பழுதாகத் தொடங்கிவிட்டது. எண்ணும் முறை எளியது. சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1939-இல் உருவாக்கிய கட்டம் போட்ட கண்ணாடித் தட்டைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையத்திலோ கேட்டுப் பாருங்கள். "உண்டு, இல்லை" என்று எழுதித் தருவதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள், எண்ணிக்கை வேண்டும் என்று கேளுங்கள். புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் ஆட்டின் ஆசனவாயிலிருந்தே எடுத்து, காற்றுப் புகாத பையில் குளிர்ச்சியாக அன்றைக்கே கொண்டுபோங்கள். வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து கணக்கு கெடும்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. மழைக்காலத்தில் பனி உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். புல் மொட்டையாகும் வரை ஒரே இடத்தில் மேயவிடாதீர்கள், கடைசி நான்கு விரல் உயரத்தில்தான் புழு இருக்கிறது. அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேலமரத் தழையை வெட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள். வாய் தரைக்குப் போகாது, புரதமும் கிடைக்கும். வேலமரத் தழையில் உள்ள துவர்ப்பு புழு முட்டையை ஓரளவு குறைக்கவும் செய்யும். நன்றாகத் தின்னும் ஆடு அதே புழுச்சுமையைத் தாங்கிக்கொள்ளும், மெலிந்த ஆடு தாங்காது. சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் புண்ணாக்கு, பயறு வகைத் தீவனம் கூட்டிக் கொடுப்பதற்குச் செய்யும் செலவு வீண் போகாது. பரண் மேல் வளர்த்தால் புழு வெகுவாகக் குறையும். ஆனால் ஆட்டு எரு போட்ட ஈர நிலத்திலிருந்து குட்டைப்புல்லை அடியோடு அறுத்துப் போட்டால் பரணிலும் வரும். மாடு இருந்தால் ஆடு மேய்ந்த இடத்தில் மாட்டை மேயவிடுவது நல்லது. ஆட்டுப் புழுவின் இளம்புழுக்களில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றில் பிழைக்காமல் போகும்.

மூலிகை உருண்டை பற்றிக் கேட்டால், சுமை குறைவான ஆட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இமை வெளுத்த ஆட்டுக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், அந்த ஆட்டுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஹீமாங்கஸுக்குத் தடுப்பூசி ஒன்று ஆஸ்திரேலியாவில் 2014-இல் செம்மறிக்காக வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மொரிடன் ஆய்வு நிறுவனத்தின் பல ஆண்டு உழைப்பு அது. புழுவின் குடல் சுவரிலிருந்து எடுத்த புரதத்தால் செய்தது. ஒரு பருவத்துக்குள் பலமுறை போட வேண்டும். நம் ஊரில் இப்போதைக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது. இன்னொரு நல்ல வழி நம் கையிலேயே இருக்கிறது. இமைக் கணக்கை ஆடு வாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு பருவத்தில் மூன்று முறைக்கு மேல் மருந்து கேட்கும் தாயையும் அதன் குட்டிகளையும் வளர்ப்புக்கு வைக்காதீர்கள். ஒருமுறைகூட வெளுக்காத தாயின் கிடாக்குட்டியைப் பொலிக்கு எடுங்கள். புழுவைத் தாங்கும் குணம் பரம்பரையாக வருவது. கென்யாவின் சிவப்பு மசாய் செம்மறியும் சுந்தரவனத்தின் கரோல் செம்மறியும் அந்தக் குணத்துக்குப் பெயர் பெற்றவை. ஈரநிலத்தில் புழுவோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து அந்த நிலைக்கு வந்த இனம் கரோல்.

கடைசியாக, சந்தையில் வாங்கி வரும் ஆடு. எல்லா ஆட்டுக்கும் மருந்து வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அந்த ஆட்டோடு வேறொருவர் பட்டியின் எதிர்ப்புப் புழுவும் உங்கள் நிலத்துக்கு வருகிறது. வாங்கியவுடன் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மருந்துகளை, மருத்துவர் சொல்லும் அளவில், ஒரே நாளில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்துத் தீவனம் போடுங்கள். அதன் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் கொட்டாதீர்கள். பதினான்காம் நாள் புழுக்கையைச் சோதித்து முட்டை இல்லை என்று தெரிந்த பிறகு உங்கள் ஆடுகள் வழக்கமாக மேயும் நிலத்திலேயே அதைக் கலந்துவிடுங்கள். ஆட்டுக்கொல்லி போன்ற நோய்களைக் கவனிக்கவும் அந்த இரண்டு வாரம் உதவும்.

நாளைக் காலையில் முதல் வேலையாக, முட்டை தெரிந்த அந்த நான்கு ஆடுகளின் இமையைப் பாருங்கள். நான்கும் சிவப்பாக இருந்தால் மருந்தைத் தொட வேண்டாம். அப்படியே மற்ற முப்பத்தாறையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் மாதிரி எடுக்காத ஆடுகளில் வெளுத்தது இருக்கலாம்.